கேபிளை விட்ட பிறகு இலவச டிஷ் பொருத்துவது எப்படி: மதுரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டுப் பழையபடி ஓர் ஆன்டெனா கட்டிக்கொள்ளலாம் என்று மதுரையில் யாராவது சொன்னால், அவர் மனத்தில் நிற்பது பெரும்பாலும் கொடைக்கானல் மலையைப் பார்த்தபடி உயரக் குழாயில் நின்ற, மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனாதான். அதை நம்பி இன்று காசைப் போட முடியாது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை, ஒரு சில இடங்கள் நீங்கலாக, 2022-க்குள் நாடெங்கும் படிப்படியாக நிறுத்திவிட்டது. மாதச் சந்தா இல்லாமல் நம் ஊரில் தொலைக்காட்சி பார்ப்பதற்கு நடைமுறையில் உள்ள வழி, அதே தூர்தர்ஷன் நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவை, இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது.

பழைய ஆன்டெனாவுக்கும் இந்த டிஷ்ஷுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மலை மேலிருந்த கோபுரத்தின் அலை வீடுகளையும் மரங்களையும் தாண்டிக் கிடைமட்டமாக வந்து சேர வேண்டியிருந்ததால், ஆன்டெனாவை உயர்த்த உயர்த்தப் படம் தெளிந்தது. செயற்கைக்கோளின் அலையோ ஏறத்தாழ தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. மதுரையிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 அடிவானத்துக்கு மேலே சுமார் 68.5 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நேர் உச்சி என்பது 90 டிகிரி. ஆகவே டிஷ்ஷை உயரத்தில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. மொட்டை மாடித் தளத்தில், இடுப்பளவு உயரத்தில், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே அது நின்றால் போதும். காற்று, மின்னல், மின்கம்பி, ஏணி என்று இந்த வேலையில் உள்ள ஆபத்துகள் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலேயே குறைந்துவிடுகின்றன. தண்ணீர்த் தொட்டியின் தலையிலும் மாடிப்படிக் கூண்டின் மேலும் டிஷ்ஷைக் கொண்டுபோய் வைப்பது பழைய ஆன்டெனாக் காலத்துப் பழக்கத்தின் மிச்சமே தவிர, அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

வேலையைத் தொடங்கும் முன்

வீட்டில் உள்ளவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டிடி தமிழ், செய்தி, விளையாட்டு, நாடாளுமன்ற ஒளிபரப்பு, பிஎம் இ-வித்யா கல்விச் சேனல்கள், அகில இந்திய வானொலி ஆகியவை இதில் கிடைக்கும். இந்திச் சேனல்கள் ஏராளமாக இருக்கும். சந்தா கட்டிப் பார்க்கும் பெரிய தமிழ்ச் சேனல்கள் இதில் வராது. இரவு ஏழு மணிக்கு மேல் வரிசையாகத் தொடர் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், அவர்களிடம் சொல்லாமல் கேபிளை நிறுத்திவிட்டு டிஷ் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சேவைக்கு மாதக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஆக்டிவேஷன்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கேபிளை விடும்போது, செட்-டாப் பாக்ஸ் யாருடையது என்பதைப் பார்த்து, கேபிள்காரருடையது என்றால் ரிமோட், அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, அதற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரையும் அவரையே கழற்றச் சொல்லுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். எங்கள் வீட்டில் டிவிக்குப் பின்னாலிருந்த பழைய வயரை நானே கழற்றப் போனபோது விரல் நுனியில் சுள்ளென்று பிடித்தது. டிவியின் பிளக், பாக்ஸின் பிளக் இரண்டையும் சுவரிலிருந்து உருவிவிட்டு, கேபிளின் வெளிப்பின்னல் மீது டெஸ்டரை வைத்தேன். மங்கலாகச் சிவந்து எரிந்தது. சில டிவிகளும் பாக்ஸ்களும் தாமாகவே சிறிது கசிவு மின்சாரத்தை உடற்பகுதிக்கு விடுவது உண்டு. அப்படியானால் பிளக்கை உருவியதும் டெஸ்டர் அணைந்துவிடும். உருவிய பிறகும் எரிந்தால் மின்சாரம் தெருவிலிருந்து வருகிறது என்று பொருள். கம்பத்தில் எங்கோ மின்கம்பியோடு வயர் உரசிக்கொண்டிருக்கலாம், அல்லது ஆம்ப்ளிஃபையரில் கோளாறு இருக்கலாம். அந்த நிலையில் வயரை வெறுங்கையால் தொடாமல், கேபிள்காரருக்கும் மின் வாரியத்துக்கும் சொல்லிவிட வேண்டும். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. புதிய டிஷ்ஷின் கேபிளையும் அந்தப் பழைய வயரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக இணைக்கக் கூடாது.

பழைய கம்பத்தை இறக்குதல்

மாடியில் துருப்பிடித்த பழைய ஆன்டெனாக் குழாய் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதைத் தொடலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். என் கருத்தில் இந்த முழு வேலையிலும் மிக ஆபத்தான கட்டம் இதுதான். டிஷ் பொருத்துவது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

செல்லூரில் சித்தப்பா வீட்டு மாடியில் இருபதடிக் குழாய் ஒன்று நின்றது. அதை இறக்க நானும் தங்கையின் கணவரும் ஏறினோம். குழாயின் கழுத்தில் கயிறு போட்டு, ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிய பிறகுதான் கிளாம்ப்பைத் தொடுவது என்று முடிவு செய்திருந்தோம். நல்லவேளை. கீழ் கிளாம்ப்பின் நட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தியதுமே மேல் கிளாம்ப் பிஸ்கட் போல உடைந்து, குழாய் தெருப்பக்கம் சாயத் தொடங்கியது. “மாப்ளே, கயித்த விட்றாதீக!” என்று சித்தப்பா கீழிருந்து கத்தினார். கயிறு இறுகி, குழாய் பாதிச் சாய்வில் நின்றது. அதன் நுனிக்கும் தெருவில் ஓடிய மின்கம்பிக்கும் நடுவே இரண்டு கை நீளம்தான் இருந்திருக்கும். அன்று கயிறு கட்டாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

ஆகவே விதி இதுதான்: குழாயின் முழு நீளமும் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாது என்று உறுதியானால் மட்டும், இருவர் சேர்ந்து, கயிறு கட்டி இறக்கலாம். தொடும் என்றால், மின் வாரியத்திடம் சொல்லி அந்தப் பகுதியின் இணைப்பை நிறுத்திய பிறகு, பழக்கமுள்ள ஆளை வைத்துச் செய்ய வேண்டும். மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய சந்துகளில் மாடிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பது அங்கு குடியிருப்பவர்களுக்குத் தெரியும். கம்பி பட்ட குழாயை விட மனம் வராமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. சாயும் குழாய் கம்பியை நோக்கிப் போனால் அதைத் தாங்கிப் பிடிக்கப் போகாமல், விட்டுவிட்டு விலகுங்கள். வீட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் உறுதியாக நிற்கும் பழைய குழாயை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு நல்ல முடிவுதான். அதில் டிஷ்ஷை மட்டும் மாட்ட வேண்டாம்.

இடம் பார்த்தல்

மதுரையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 122 டிகிரியில் இருக்கிறது. அதாவது நேர்கிழக்கிலிருந்து தெற்கே 32 டிகிரி திரும்ப வேண்டும். மானாமதுரை, இராமநாதபுரம் இருக்கும் திக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் இருக்கும் திசை கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். மழை பெய்து வெளுத்த காலையில் மாடியிலிருந்து கொடை மலை தெரிந்தால், அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் முகம் ஏறக்குறைய ஐந்து டிகிரி பிசகில் செயற்கைக்கோளைப் பார்க்கும். அசையாமல் நிற்கும் பழைய ஆன்டெனா அக்கம்பக்கத்தில் இருந்தால் அதுவும் வழிகாட்டும்: அதன் முகம் எங்கோ, டிஷ்ஷின் முதுகு அங்கே.

அலை 68.5 டிகிரியில் செங்குத்தாக இறங்குவதால் மறைப்பு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 10 அடி உயர்ந்து நிற்கும் சுவர், 4 அடிக்கு உள்ளே இருந்தால்தான் மறைக்கும். 5 அடி தள்ளி வைத்தால் தாராளம். பக்கத்து வீடு இரண்டு மாடி உயரமாக, 20 அடி மேலே நின்றாலும் 10 அடி இடைவெளி போதுமானது. வேப்பமரம், தென்னை ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் மரம் வளரும், காற்றில் ஆடும், ஈர இலை அலையை நன்றாகவே உறிஞ்சும் என்பதால் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

இதைக் கருவியே இல்லாமல் சோதிக்க ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் உதவுகிறது. மார்ச் 16-ஐ ஒட்டிய நாள்களில் காலை 11.15 மணி அளவிலும், செப்டம்பர் 27-ஐ ஒட்டிய நாள்களில் 11 மணி அளவிலும், மதுரையிலிருந்து பார்க்கையில் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் மாடியில் எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் டிஷ் வைக்கலாம். நிழல் விழும் இடத்தில் வைக்கக் கூடாது. அந்த நாள்கள் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் கைப்பேசியின் திசைகாட்டியைப் பயன்படுத்தலாம். இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண், தகரக் கூரை ஆகியவற்றுக்கு அருகில் திசைகாட்டி பொய் சொல்லும் என்பதால், நாலடி தள்ளி நின்று இரண்டு மூன்று முறை பாருங்கள். 122 முதல் 124 வரை எது காட்டினாலும் தொடக்கத்துக்குப் போதும்.

வாங்க வேண்டியவை

60 சென்டிமீட்டர் டிஷ், கேயூ பேண்ட் யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் கையில் மாட்டி, அது குவிக்கும் அலையை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் சிறு கருவி), ஃப்ரீ டிஷ்ஷுக்கான செட்-டாப் பாக்ஸ், ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிள், எஃப் கனெக்டர்கள், நீர் புகாத ரப்பர் டேப், கிளிப்புகள். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போனால் எல்லாம் ஒரே தெருவில் முடிந்துவிடும். முன்பு வேறு டிடிஎச் சேவைக்காகப் போட்ட டிஷ் சும்மா கிடந்தால் அதையே திருப்பி வைத்துப் பயன்படுத்தலாம்; பொதுவாக எல்என்பியை மட்டும் சரிபார்த்தால் போதும். மழையில் படம் போவதைப் பொறுக்க முடியாதவர்கள் 75 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ் வாங்கலாம். ஆனால் டிஷ் பெரிதாகப் பெரிதாக அது வாங்கும் காற்றும் கூடும். புதிய டிவி வைத்திருப்பவர்கள் பாக்ஸ் வாங்கும் முன் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே பொருத்திய டிவிகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐஎஸ் 18112 என்ற தரத்தை வெளியிட்டது. அத்தகைய டிவியில் மரையுள்ள தனித் துளை இருக்கும், பாக்ஸ் தேவைப்படாது. கேபிளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே வெறும் நாலு இழை பின்னலுள்ள மலிவு வயர் இரண்டு மழைக்காலம் தாங்காது.

அடித்தளம்

மொட்டை மாடித் தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்குவது சுலபமாகத் தெரியும். தட்டோட்டையும் அதன் அடியிலுள்ள நீர்த்தடுப்பையும் ஓட்டை போட்டுவிட்டால், ஐப்பசி மழையில் கீழ் அறையின் கூரை பூத்துப்போகும். ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவரில் போல்ட் போடுவதும் சரியில்லை. காற்றின் ஆட்டத்தில் பூச்சு விரிசல் விட்டு, ஒருநாள் செங்கல்லோடு சேர்ந்து டிஷ் தெருவில் விழும்.

நான் பரிந்துரைப்பது கான்கிரீட் பலகை. இரண்டடிக்கு இரண்டடி, நாலு அங்குலக் கனத்தில் மாடியிலேயே ஒரு பலகை வார்த்து, ஈரத்திலேயே நான்கு போல்ட்டுகளைத் தலைகீழாகப் பதித்துவிட்டால், அதன் எடை ஏறத்தாழ 85 கிலோ வரும். கீழே பழைய ரப்பர் ஷீட் ஒன்றை விரித்து அதன்மேல் வார்த்தால் தளமும் கெடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் 60 சென்டிமீட்டர் டிஷ்மீது விழும் தள்ளுவிசை சுமார் 17 கிலோ எடைக்குச் சமம்; குட்டையான கம்பத்தில் டிஷ் நிற்கும்வரை இந்தப் பலகை அதை நன்றாகவே தாங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயலை நினைத்து, கம்பத்திலிருந்து ஒரு தடித்த கம்பியைக் கான்கிரீட் தூண் ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் இது.

பலகையை ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஆற விட்டபின் கம்பத்தைப் பொருத்தி, ரசமட்டத்தைக் கம்பத்தின் இரண்டு பக்கங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். கம்பம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் டிஷ்ஷின் அளவுகோலில் உள்ள எண்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். டிஷ் கிடைக்கவில்லை என்று மணிக்கணக்கில் திருப்பிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருடைய கோளாறு கம்பத்தில்தான் இருக்கும்.

மாடிக்குச் செல்லும்போது ஏணி தேவைப்பட்டால், நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பகுதியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏற வேண்டும். சித்திரை வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வெயிலில் தலைசுற்றல் வருவது கைப்பிடிச் சுவரின் ஓரத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை, ஆனால் வந்தால் அங்கேதான் ஆபத்து.

திசை திருப்புதல்

டிஷ்ஷின் பின்புறப் பிடியில் உள்ள ஏற்றக்கோண அளவுகோலை 68.5-ல் வைத்து, போல்ட்டுகளைக் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். இப்படி வைத்த டிஷ், பார்ப்பதற்கு வானத்தின் உச்சியை நோக்காமல் 45 டிகிரி அளவில் சாய்ந்து, எதிர்வீட்டு மாடிக்கு மேலே எதையோ பார்ப்பதுபோல் இருக்கும். அதைக் கண்டு மேலும் நிமிர்த்திவிடாதீர்கள். எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்க்கையில் அமைந்த டிஷ்ஷின் இயல்பு அது. அதன் உண்மையான பார்வை, முகம் காட்டும் கோணத்துக்கு இருபது டிகிரிக்கும் மேலே இருக்கும்.

எல்என்பியைக் கழுத்தில் திருகி வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே வெகுவாக ஒதுங்கி நிற்பதால் அதன் அலை அதிரும் தளம் நமக்குச் சாய்வாக வருகிறது. மதுரைக்கு அந்தச் சாய்வு கணக்கின்படி 55 டிகிரிக்குச் சற்று அதிகம். தொடக்கத்தில், டிஷ்ஷின் பின்னால் செயற்கைக்கோளைப் பார்த்து நிற்பவருக்கு இடஞ்சுழியாக அந்த அளவு திருகி வைத்துவிட்டு, இறுதியில் பாக்ஸ் காட்டும் சிக்னல் தரத்தைப் பார்த்துத் திருத்துங்கள்.

இப்போது ஒரு சிறிய டிவியையும் பாக்ஸையும் மாடிக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் கீழே ஒருவர் டிவி முன் இருந்து, கைப்பேசியின் வீடியோ அழைப்பில் திரையைக் காட்டட்டும். பாக்ஸின் மெனுவில் எல்என்பி வகையை யுனிவர்சல், 9750/10600 என்று வைத்து, சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். வலிமை என்ற பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது பாதி ஏறி நிற்கும். தரம் என்ற பட்டை எழுந்தால்தான் செயற்கைக்கோள் கிடைத்ததாகப் பொருள்.

ஏற்றக்கோணத்தைத் தொடாமல், டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி மெல்லத் திருப்புங்கள். மெல்ல என்றால், ஓரத்தில் ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நகர்த்தி, மூன்று எண்ணும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு நூல். பாக்ஸ் அலையைப் பிடித்துப் பட்டையை எழுப்ப ஓரிரு வினாடிகள் எடுக்கும். அதற்குள் தாண்டிப் போனால் இருந்த இடத்தையே கண்டுகொள்ளாமல் போய்விடுவீர்கள். டிஷ்ஷின் விளிம்பில் ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விலகலாக விரிகிறது. ஒரு முழு வீச்சிலும் கிடைக்கவில்லை என்றால் ஏற்றத்தை ஒரு டிகிரி கூட்டி மறுபடியும், பின் குறைத்து மறுபடியும் முயலுங்கள். தரம் எழுந்ததும் சேனல்களைத் தேடச் சொல்லுங்கள். 91.5 டிகிரியிலும் 95 டிகிரியிலும் வேறு செயற்கைக்கோள்கள் அருகருகே நிற்பதால், தவறான ஒன்றைப் பிடித்துவிட வாய்ப்புண்டு. பட்டியலில் டிடி பெயர்கள் வந்தால்தான் சரியான இடம்.

கிடைத்த பிறகு, இடவலம், மேல்கீழ், எல்என்பியின் திருகல் என்ற மூன்றையும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகத் திருத்தி, தரம் உச்சத்தில் நிற்கும் புள்ளியைக் கண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே போல்ட்டை ஒரேயடியாக முடுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

கேபிளும் கனெக்டரும்

கேபிளை இணைக்கும்போதும் கழற்றும்போதும் பாக்ஸின் பிளக் சுவரிலிருந்து உருவப்பட்டிருக்க வேண்டும். எல்என்பிக்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. அது ஆளைக் கொல்லாது, ஆனால் நடுக்கம்பியும் பின்னலும் உரசினால் பாக்ஸ் போய்விடும்.

கேபிளின் வெளித்தோலை அரை அங்குலத்துக்குச் சுற்றிலும் கீறி உருவுங்கள். பின்னலை விரல்களால் பின்னோக்கி மடித்து, தோலின் மேல் படியவிடுங்கள். வெள்ளை நுரையைப் பின்னலிலிருந்து சிறிது விட்டு வெட்டினால் செம்பு நிற நடுக்கம்பி தெரியும். அதை வெட்டும் கத்தி கம்பியில் கீறல் போடக் கூடாது. இந்த இடத்தில் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை உற்றுப் பாருங்கள்: மயிரிழை போன்ற ஒரு பின்னல் நூல் நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பாக்ஸ் ‘ஷார்ட்’ என்று காட்டிவிடும். கனெக்டரைத் திருகி ஏற்றிய பின், நடுக்கம்பி அதன் வாயிலிருந்து ஒரு நூல் வெளியே நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் தொடாது, கூடினால் வளையும்.

எல்என்பியில் இணைத்த பிறகு கனெக்டரையும் அதற்குக் கீழே இரண்டு அங்குலக் கேபிளையும் சேர்த்து ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் மதுரை வெயிலில் ஒரே கோடையில் பசை உருகிப் பிரிந்துவிடும். கேபிள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால், மழைநீர் கேபிளோடு வழிந்து வந்து அங்கேயே சொட்டிவிடும். மின்சார வயரிங் பைப்புக்குள் இந்தக் கேபிளை நுழைக்கக் கூடாது.

எர்த் இணைப்பு

இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே முறை. டிஷ் தாழ்வாக நின்றாலும் மொட்டை மாடியில் நிற்கும் உலோகம் உலோகம்தான். கம்பத்திலிருந்து 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, கூடியவரை நேராக, வளைவு குறைவாக, வீட்டின் பிரதான எர்த் குழிக்கு இறங்க வேண்டும். கேபிளின் பின்னலையும் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஓர் எர்த் பிளாக் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் கம்பியால் அதே எர்த்தோடு சேர்க்க வேண்டும். டிஷ்ஷுக்கென்று தனிக்குழி தோண்டி, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்தானது. இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே எழும் மின்னழுத்த வேறுபாடு உங்கள் டிவி வழியாகத்தான் சமன் ஆகும். நியூட்ரல் கம்பி, தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எதையும் எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது.

நேரடியாக விழும் மின்னலிலிருந்து இது டிவியைக் காப்பாற்றாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களை ஒட்டி வரும் கோடைமழையிலும் ஐப்பசி அடைமழையிலும், மேகம் திரளும்போதே டிவி, பாக்ஸ் பிளக்குகளை உருவி, டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றி வையுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடப் போகாதீர்கள். அப்போது டிவி போனால் போகட்டும்.

பிறகு வரும் தொந்தரவுகள்

கனமழையில் சில நிமிடங்கள் படம் கட்டம் கட்டமாக உடைவது இயல்பு. மழை விட்டதும் தானே வரும், டிஷ்ஷைத் திருப்ப வேண்டாம். மேலே சொன்ன மார்ச், செப்டம்பர் நாள்களில் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் போவதும் அப்படித்தான். சூரியனின் இரைச்சல் செயற்கைக்கோளின் மெல்லிய குரலை மூடிவிடுகிறது. புதிய சேனல்கள் வந்ததாகக் கேள்விப்பட்டால், அல்லது பார்த்துக்கொண்டிருந்த சேனல் காணாமல் போனால், மெனுவில் தேடலை மறுபடி ஓட்டினால் போதும்.

திருப்பரங்குன்றம், அழகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்குக் குரங்குகள் ஒரு தனிப் பிரச்சினை. எல்என்பிக் கையில் ஒரு குரங்கு உட்கார்ந்து எழுந்தால் அரை மணி நேர உழைப்பு போயிற்று. இதற்காகத்தான், தரம் உச்சத்தில் இருக்கும்போதே, கம்பத்துக்கும் பிடிக்கும் குறுக்கே ஒரு கோடு, ஏற்றக்கோணப் போல்ட்டின் மேல் ஒரு கோடு, எல்என்பிக் கழுத்தில் ஒரு கோடு என்று மூன்று இடங்களில் எனாமல் பெயின்ட்டால் கோடு போட்டுவைக்கச் சொல்வேன். குரங்கோ காற்றோ அசைத்துவிட்டுப் போனால், கோடு எங்கே விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை மறுபடி ஒன்றுசேர்த்து முடுக்கினால் படம் வந்துவிடும். பாக்ஸின் மெனுவைத் திறக்கவே தேவையிருக்காது.